உப்புத் தண்ணீரில் ஒரு துண்டு வலை

அந்த அம்மா யாரையும் நம்ப மாட்டார். இதை இப்போது நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் குறையாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து நின்று, "இது நான்தான்னு எதை வச்சு சொல்றீங்க, காட்டுங்க" என்று கேட்கக்கூடிய ஆள். தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்ப் பக்கம் எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கேம்ப் ரோட்டில் எனக்கு ஹார்டுவேர் கடை. மேடவாக்கத்தில் எங்கள் நிலம் மனைகளாகி விற்றுப்போனபோது அப்பா வைத்த கடை அது. ஆணி, தாழ்ப்பாள், குழாய், பெயிண்ட் எல்லாம் உண்டு. தொண்ணூற்றொன்று கோடையில் ஒருநாள் சிஸ்டர் கடைக்கு வந்தார். வெள்ளைப் புடவை, நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரம், கொண்டையில் செருகிய பென்சில். நாலு கடை தள்ளியிருந்த நர்சிங் ஹோமில் வேலை பார்ப்பவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"கம்பி வலை வேணும். தண்ணி போகணும். சுண்டக்காய் போகக் கூடாது."

சமையலுக்கோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு ஒரு சுருளை எடுத்து விரித்தேன். ஓட்டைகளைப் பென்சில் முனையால் குத்திக் குத்திப் பார்த்தார்.

"அடிக்கடி தண்ணியில கிடக்கும். துரு பிடிக்குமா?"

"ஆயுசுக்கும் பிடிக்காது சிஸ்டர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்."

அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லை. மேலே முலாம் பூசிய இரும்பு. இதே பொய்யை இதே முகத்தோடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை. அவர் மட்டும், "ஒரு துண்டு வெட்டிக் கொடுங்க. பாத்துட்டு வர்றேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து வந்தார். கையில் பழைய ஜாம் பாட்டில். உள்ளே உப்புத் தண்ணீர், அதில் என் வலைத் துண்டு, ஓரமெல்லாம் செம்பழுப்பாகத் துரு. பாட்டிலில் ஒட்டிய சீட்டில் பென்சிலால் தேதியும் என் கடைப் பெயரும். கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டிலை மேஜைமேல் வைத்து, "பிடிக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

பாரிஸ் கார்னர் மொத்தக் கடையிலிருந்து அசல் சரக்கை வரவழைத்துக் கொடுத்தேன். அதையும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய் இரண்டு வாரம் ஊறப் போட்டுப் பார்த்த பிறகுதான் வாங்கினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவி மல்லிகாவிடம், "சரியான சந்தேகப் பிராணி. அந்தம்மா வூட்டுக்காரர் பாவம்" என்றேன்.

"அவங்க சரியாத்தானே கேட்டாங்க. நீங்க ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள் அவள். அன்றைக்கு அவளோடும் பேச்சு நின்றது.

அந்த அம்மாவைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சர்ச்சில் பாதிரியார் ஒரு வசனத்தைச் சொன்னால், பைபிளைத் திறந்து அது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆமென் சொல்வாராம். கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே எடை போடுவாராம். நான் என் பங்குக்கு ஜாம் பாட்டில் கதையைச் சொல்லிச் சிரிப்பேன். துரு பிடித்தது யார் சரக்கு என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் என் சிரிப்பு நின்றது.

காலைக்கடன் கழிக்கும்போது ரத்தம். முதலில் மூலம் என்று நானே முடிவு செய்து, மோர் குடித்து, மிளகாயைக் குறைத்துப் பார்த்தேன். மல்லிகாவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் என் அப்பா. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எண்பத்தைந்தில் வயிற்றைத் திறந்து, குடலில் ஒரு பகுதியை வெட்டி, இடதுபக்கம் ஓட்டை போட்டுப் பை வைத்து அனுப்பினார்கள். பதினாலு மாதம் அந்தப் பையை நான்தான் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மேடவாக்கத்தில் பஞ்சாயத்து பேசிய மனுஷன். ஒருநாளும் என் கண்ணைப் பார்த்ததில்லை. போகும்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு ரத்தம் வந்தபோது முப்பத்தாறு, மகளுக்கு நாலு வயது.

கடைசியில் மல்லிகா துணி துவைக்கும்போது கண்டுபிடித்து, அழுது, நர்சிங் ஹோமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே குடல் டாக்டர் ஒருத்தர் செவ்வாயும் வெள்ளியும் நகரத்திலிருந்து, குடலுக்குள் விட்டுப் பார்க்கும் தன் ஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுவருவார். அவர் அறைக்கு வெளியே சிஸ்டர்தான் விவரம் எழுதினார். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை நாளா ரத்தம்?"

"ஒரு வாரமா, சிஸ்டர்."

எழுதவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஒரு மாசம் இருக்கும்."

அப்போதும் எழுதவில்லை.

"எட்டு மாசம்," என்றேன். மல்லிகா என் பக்கம் திரும்பினாள். சிஸ்டர் எட்டு என்று எழுதினார்.

டாக்டர் சின்ன ஸ்கோப்பை விட்டுப் பார்த்துவிட்டு, குடலின் உட்சுவரில் காம்போடு ஒரு சதைமொட்டு தொங்குகிறது, பாலிப் என்பார்கள் என்றார். "பெரும்பாலும் இந்தக் கட்டத்துல இது கேன்சர் இல்லை. விட்டா ஆகலாம். உங்க அப்பாவுக்கும் ஒரு காலத்துல இப்படிச் சின்னதாத்தான் இருந்திருக்கும். வயித்தைத் திறக்காமலே, ஸ்கோப் வழியா கம்பிச் சுருக்குப் போட்டு, கரண்ட் வச்சு வெட்டி எடுத்துடலாம். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அந்த ரிசல்ட்தான் முக்கியம்."

அப்பாவுக்கும் சின்னதாக இருந்திருக்கும் என்ற அந்த வார்த்தை என்னைப் போட்டு வதைத்தது. யாராவது அப்போதே பார்த்திருந்தால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டாமே.

வெள்ளிக்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். இரண்டு நாள் கஞ்சி, முந்தின நாள் விளக்கெண்ணெய், அன்று காலை லிட்டர் லிட்டராக உப்புக் கரைசல். குடல் கழுவிவிட்ட மாதிரி இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கே சிஸ்டர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். எனக்கு முன்னால் ஊரப்பாக்கத்துக்காரர் ஒருத்தர், கஞ்சி தவிர எதுவும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் உள்ளே போய்ப் பெட்பேனைப் பார்த்துவிட்டு வந்து, "கொய்யாக் கொட்டை இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

பிறகு என்னிடம் வந்தார். "கடைசியா எப்படிப் போச்சு?"

"தெளிவா, தண்ணி மாதிரிதான் சிஸ்டர்."

"நான் பாக்கணுமே."

"தண்ணி ஊத்திட்டேன்."

தான் பார்க்காத காரணத்தால் எனக்கு ஒரு எனிமா கொடுத்தார். கிடைத்ததை ஆயாம்மா மூடி எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் அவரிடம் காட்டிப் பேசியதை, போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். செத்துவிடலாம் போல் இருந்தது. ஒரு மனுஷன் இந்த விஷயத்தில் எப்படிச் சுருங்கிப்போவான் என்று பதினாலு மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அந்த இடத்தில் இப்போது நான் படுத்திருந்தேன்.

டாக்டரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஸ்கோப் மருந்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. "போதும் சிஸ்டர், எடுங்க" என்றார் டாக்டர். சிஸ்டர் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு டாக்டர்" என்றார். அவ்வளவு பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நாலு நிமிஷம் நின்றார்.

ஊசி போட்டதில் எனக்கு அரைத் தூக்கம். ஆனால் காது கேட்டது. டாக்டர் ஒற்றைக் கண்ணை ஸ்கோப்பின் முனையில் வைத்துக்கொண்டு, "சுருக்கு போட்டாச்சு, கரண்ட்" என்றார். கொஞ்ச நேரத்தில், "வெட்டியாச்சு." நான் மனதுக்குள் சாமி கும்பிட்டேன். ஸ்கோப் வழியாக ஏற்றிய காற்றால் வயிறு உப்பிக்கொண்டே போனது.

"எங்க போச்சு?" என்றார் டாக்டர், தனக்குத்தானே. "தண்ணியில நழுவிடுச்சு. இங்கதான் இருந்தது."

கால்மணி நேரம் தேடினார். எனக்கு வலி தாங்காமல் முனகல் வந்தது. ஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டார். சிஸ்டரின் குரல் மட்டும் கேட்டது. "துண்டு கைக்கு வராம கேஸ் முடியல டாக்டர்."

"தானா வெளியே வரும் சிஸ்டர். பாத்து எடுங்க."

பின்பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். சிஸ்டர் கட்டிலுக்குக் கீழே பெட்பேனை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னார். "ரெண்டு மணி நேரத்துக்குள்ள வரும். இதுலதான் போகணும். டாய்லெட்டுக்குப் போகக் கூடாது. போனாலும் தண்ணி ஊத்தக் கூடாது. புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன், ஸ்கூல் பையன் மாதிரி. அதோடு நிற்காமல், டாய்லெட்டிலிருந்த பக்கெட்டையும் மக்கையும் தன் கையாலேயே வெளியே எடுத்துக்கொண்டு போனார்.

மல்லிகா காபி வாங்கப் போயிருந்தாள். எனக்கு வயிறு முட்டியது. பெட்பேனைப் பார்த்தேன். வெள்ளை எனாமல் பாத்திரம். அதில் உட்கார்ந்து, அந்த அம்மா அதைக் கையிலெடுத்து, கடையில் என் வலையைப் பார்த்தாரே, அப்படிப் பென்சிலால் துழாவிப் பார்ப்பதை நினைத்ததும் என்னால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு டாய்லெட்டுக்குப் போனேன். வராந்தாவில் தரை துடைக்க லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து தண்ணீர் ஊற்றாமல் அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தவனில்லை நான். ஊற்றியது கைதான், யோசித்து ஊற்றவில்லை என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். யோசித்துத்தான் ஊற்றினேன். ஒரு பக்கெட்டில் போகவில்லை என்று தோன்றி மேலும் இரண்டு ஊற்றினேன்.

படுக்கைக்குத் திரும்பிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

சிஸ்டர் வந்தார். "வந்துதா?"

"இல்ல சிஸ்டர். வெறும் காத்துதான்."

அவர் என் வேட்டியின் ஓரத்தைப் பார்த்தார். "ஏன் நனைஞ்சிருக்கு?"

"கால் கழுவினேன்."

"சரி, படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சரி என்று சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

மல்லிகா பிளாஸ்கோடு உள்ளே வந்தாள். "இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போய் கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் வந்துவிட்டார். கிளம்புகிற அவசரம், ஆனால் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகத்தான் பேசினார். "துண்டு கிடைக்கலைன்னா ஒரு சிக்கல் இருக்கு. வெட்டின இடம் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது. ஆனா கண்ணை வச்சு சொல்ல முடியாது. அந்த மொட்டுல கேன்சர் ஆரம்பிச்சிருந்தா, அது காம்பு வழியா கீழ இறங்கிச்சா இல்லையான்னு துண்டைப் பாத்தாத்தான் தெரியும். உங்க குடும்பத்துல வேற இருக்கு. தெரியாம விட்டுட்டு உக்காந்திருக்கவும் முடியாது. வயித்தைத் திறந்து அந்தப் பகுதியை எடுத்துடறதா, காத்திருந்து பாக்கறதான்னு யோசிக்கணும்."

மல்லிகா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்பாவின் இடதுபக்கமும் அந்தப் பையும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. என் மகள் பதினாலு மாதம் என்னைப் பார்ப்பாள். அதற்கு அப்புறம் பார்க்க நான் இருக்க மாட்டேன். இதையெல்லாம் மூன்று பக்கெட் தண்ணீரால் நானே எனக்குத் தேடிக்கொண்டேன்.

டாக்டர் வெளியே போனதும், "மல்லி, நான் ஊத்திட்டேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லித் தொலைங்களேன் அவங்ககிட்ட. உக்காந்துக்கினு கீறீங்களே."

ஜன்னல் வழியாகக் கட்டடத்தின் பின்பக்கம் தெரிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க், அதற்கு முன்னால் சிமெண்ட் மூடி போட்ட ஒரு சின்னத் தொட்டி. அந்தத் தொட்டியின் பக்கத்தில் சிஸ்டர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டி போட்டிருந்தார். ஆயாம்மா கடப்பாரையால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நான் தண்ணி ஊத்திட்டேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும். எத்தனை பக்கெட்?"

"ஒண்ணு."

"எத்தனை?"

"ரெண்டு."

"ஆயாம்மா, மூணு பக்கெட்டுன்னு வச்சுக்க. வேகமாப் போயிருக்கும். மெதுவா தூக்கு."

மூடி நகர்ந்தது. மல்லிகா என் பின்னால் நின்று என் பனியனைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். அவர்கள் இருவரும் குனிந்து கையை விட்டு எதையோ மெல்ல வெளியே எடுத்தார்கள். இரும்புச் சட்டத்தில் கட்டிய ஒரு வலை. தொட்டியிலிருந்து டாங்க்குக்குப் போகும் வாயில் அதைப் பொருத்தியிருந்திருக்கிறார். குடலைக் கழுவிய ஆள் போவது வெறும் தண்ணீர்தானே, வலை அடைக்காது. வெட்டுகிற கேஸ் இருக்கிற நாளில் காலையிலேயே மாட்டி, அந்த டாய்லெட்டை வேறு யாரும் போகாதபடி வைத்துக்கொள்வது அவர் வழக்கம் என்பதெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் தெரிந்தது ஒன்றுதான். வலையின் ஓரத்தில் சிவப்பு பெயிண்ட் கோடு இருந்தது. அளந்து வெட்டுவதற்கு என் கடையில் நான் போடும் கோடு.

சிஸ்டர் வலையை வெளிச்சத்தில் சாய்த்தார். விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு முழு வரிசை, இரண்டாவது வரிசை. எதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இந்தா, இந்த மூலையில ஒட்டிக்கினு கீது சிஸ்டர்," என்றாள் ஆயாம்மா.

அரிநெல்லிக்காய் அளவு. கருஞ்சிவப்பு. அடியில் குட்டைக் காம்பு. சிஸ்டர் அதைச் சுத்தமான உப்புநீரில் அலசினார். கெடாமல் வைக்கும் மருந்து ஊற்றிய பாட்டிலில் போட்டார். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் என் பெயர், அப்பா பெயர், வயது, தேதி எழுதி அதையும் பாட்டிலுக்குள்ளேயே போட்டார். பேனா மை அந்த மருந்தில் கரைந்துவிடுமாம், பென்சில் கரையாதாம். பிறகு அறைக்குள் வந்து பாட்டிலை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது உங்களதுதானே? படிங்க."

படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்து எழுத்து தெரியவில்லை. மல்லிகாதான் படித்தாள். லேப் எழும்பூர்ப் பக்கம் இருந்தது. மல்லிகா அந்தப் பாட்டிலைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து, தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, இரண்டு கைகளாலும் கூடையைப் பிடித்துக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாள். அந்தப் பத்து நாளில் கடையில் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன எடுத்துக்கொடுத்தேன் என்று எதுவும் நினைவில்லை. கண்ணாடியின் முன் சட்டையைத் தூக்கி இடதுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மகள் வந்து, "வயிறு வலிக்குதாப்பா?" என்று கேட்பாள். மனதில் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கடையில் அந்த அம்மா என் பேச்சை நம்பியிருந்தால், அந்த முலாம் வலையைத்தான் தொட்டியில் கட்டியிருப்பார். ஒரு வருஷம் நனைந்து நனைந்து அது துருவேறி ஓட்டை விழுந்திருக்கும். என் உயிர் அந்த ஓட்டை வழியாக செப்டிக் டாங்க்குக்குப் போயிருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. துரு பிடிக்காது என்று சொன்னவன் நான், தண்ணீர் ஊற்றியவனும் நான்.

ரிப்போர்ட்டை டாக்டர் இரண்டு தடவை படித்தார். "மொட்டோட தலையில கேன்சர் ஆரம்பிச்சிருக்கு."

மல்லிகா நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

"ஆனா காம்பு சுத்தம். வெட்டின ஓரமும் சுத்தம். வேருக்கு இறங்கல. ஆபரேஷன் வேண்டாம். குறிப்பிட்ட நாள்ல வந்து ஸ்கோப் பண்ணிக்கிட்டா போதும்." ரிப்போர்ட்டை மடித்துவிட்டு, "துண்டு கிடைக்காம இருந்திருந்தா இந்த வார்த்தையை என்னால சொல்லியிருக்க முடியாது" என்றார்.

வெளியே வந்து சிஸ்டர் முன்னால் நின்றேன். காலில் விழ வேண்டும் போல் இருந்தது. விழுந்தால், எதற்கு என்று கேட்பார். "அந்த வலையை ஏன் சிஸ்டர் போட்டீங்க? அதான் சொல்லிச் சொல்லி அனுப்புறீங்களே, பக்கெட்டையும் எடுத்துடறீங்க. அதுக்கு மேலயுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கி, பெயரையும் வயதையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "முன்ன ஒருத்தரை நம்பிட்டேன்."

அந்த ஒருத்தர் யார், என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஸ்கோப்புக்குப் போனேன். ஒருதடவை இன்னொரு சின்ன மொட்டு இருந்தது, அதையும் எடுத்தார்கள். பெட்பேனில்தான் போனேன். வெட்கம் போகவில்லை, ஆனால் வெட்கத்தோடேயே காட்டக் கற்றுக்கொண்டேன். "தண்ணி ஊத்தல சிஸ்டர்" என்பேன். தலையாட்டிவிட்டு, நேரே போய் டாய்லெட் தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். எனக்கு அது நிம்மதியாக இருக்கும்.

தொண்ணூற்றாறில் ஒருநாள் மறுபடி கடைக்கு வந்தார். பழைய வலையின் சட்டம் வளைந்துவிட்டதாம், புதுசு வேண்டும். என்னிடம் புதுச் சரக்கு இருந்தது. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. பாரிஸ் கார்னர் மொத்த வியாபாரி ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக் கொடுத்ததை, அவர் சொன்னபடியே சொன்னேன். "ஒரு துண்டு வெட்டித் தரேன் சிஸ்டர். ஊறப் போட்டுப் பாருங்க" என்று கத்தரியையும் எடுத்தேன்.

"வேண்டாம். நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லி, வலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை. அந்த அம்மா என்னை நம்பிவிட்டார். என்னைப் போய். அன்றைக்கே ஒரு துண்டு வெட்டி, கடையில் சாமி படத்துக்குக் கீழே ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் விட்டுப் போட்டு வைத்தேன். காலையும் மாலையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், வெட்டிய ஓரத்தில் மூன்று செம்புள்ளிகள் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை, வெட்டுகிற நாள். பாதி திறந்த ஷட்டரை அப்படியே இழுத்துப் பூட்டினேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலெல்லாம் தண்ணீர் சிந்த, நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். சிஸ்டர் ஒரு நோயாளியிடம் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க டம்ளரை நீட்டினேன். "மாட்டாதீங்க சிஸ்டர். துரு பிடிக்குது. எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது."

அவர் டம்ளரை வாங்கி, துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு ஜாம் பாட்டில். உப்புத் தண்ணீர், அதில் என் வலையிலிருந்து வெட்டிய துண்டு. சீட்டில் பென்சிலால் தேதி, என் கடைப் பெயர். ஓரமெல்லாம் துரு.

"நேத்தே தெரிஞ்சுடுச்சு. மாட்டவே இல்ல. பழைய சட்டத்தைத்தான் தட்டி நிமித்திப் போட்டிருக்கேன்."

"அப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வர்றீங்களான்னு பாத்தேன்" என்றார்.

என் டம்ளரை ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அலமாரியைச் சாத்தினார். சாத்திய கையோடு திரும்பி நோயாளியின் முன்னால் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். என் வயது இருக்கும் அந்த ஆளுக்கு. மடியில் துண்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி மட்டும்தான் சிஸ்டர்."

சிஸ்டர் எழுதவில்லை. அவர் முகத்தையே பார்த்தார். அந்த ஆள் தவித்துப் போய் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லிடுங்கண்ணா," என்றேன்.